வாத்தியார் பிடுங்கிய நான்கு ஒயர்கள்

1

இந்தக் கதை பிறந்த லட்சணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். "இந்த வாரம் கொலை வேண்டாம் சார். குடும்பக் கதையா குடுங்க" என்றார் வார இதழ் ஆசிரியர். கடுப்போடு ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் தன் காரின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். சரி, இவர்தான்.

2

'மணி எட்டு. இன்னும் மூன்றே மணி நேரத்தில் ஒரு பெண்ணின் தலையெழுத்து—'

(அடித்துவிட்டேன். பிண வாடை அடிக்கிறது.)

விஷயம் இவ்வளவுதான். பதினொரு மணிக்கு வாத்தியார் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். சொந்தக் காரோடு போக வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுவும் போனால் அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம். அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கைக்கெட்டும் தூரத்தில். லைசன்ஸ் இருந்தால்தான் ஒன்றாம் தேதி சேர முடியும். காரோ நாலு நாளாக இருமுகிறது. எஞ்சினில் பொறி தட்ட மின்சாரம் கொண்டுபோகும் ஸ்பார்க் பிளக் ஒயர்கள் நைந்துபோயிருந்தன. புதுசாக ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார்.

"மெக்கானிக்கக் கூப்பிடலாங்க."

"நாலு ஒயர், நாலு ஓட்டை. இதுக்கொரு மெக்கானிக்கா?"

3

பழைய ஒயர் ஒன்றைக் கழற்று. அதே இடத்தில் புதியதை மாட்டு. பிறகு அடுத்ததைத் தொடு. முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். மனிதர் கேட்டால்தானே! நான் டீ போட எழுந்த நேரத்தில் நாலையும் ஒரேயடியாகப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார். இடம் மாறினால் எஞ்சின் ஓடாது. எது எங்கே இருந்தது? அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

(என் தொடர்களில் வெடிகுண்டு என்றால் சிவப்பு ஒயர், நீல ஒயர் இருக்கும். இங்கே நாலும் கறுப்பு.*)

* இருபத்துநான்கு விதமாக மாட்டலாம். வாத்தியாரே சொன்னார். அதுவும் பெருமையாக!

4

மூன்றாவது விதத்தில் எஞ்சின் படாரென்று வேட்டுப் போட்டது. ஐந்தாவதில் மூச்சுப் பேச்சில்லை. பத்து மணிக்குப் புடவை கட்டித் தயாராக வந்து நின்றாள் மனைவி.

"எத்தனையாவது?"

"ஏழு. வரிசையாத்தான் போயிட்டிருக்கேன்."

"நீங்க இருபத்துநாலு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்."

அவர் ஒரு காகிதத்தில் கையைத் துடைத்தார்.

"அது என்ன?"

"ஒயர் டப்பாவுல இருந்துச்சு. சும்மா காகிதம்."

பிடுங்கிப் பிரித்தாள். கிரீஸ் கறைக்கு நடுவில் படம்: எந்த ஒயர் எங்கே என்று எண் போட்டு. "சும்மா காகிதமா? பசங்க கேள்வியப் படிக்காம பதில் எழுதினா முட்டி போட வைப்பீங்களே!"

(துப்பை ஒளித்துவைத்தேன் என்று என்னைத் திட்டாதீர்கள். எனக்கே இப்போதுதான் தெரியும்.)

அவள் எண்ணைப் படிக்க, அவர் மாட்டினார். பத்து முப்பத்தைந்துக்கு எஞ்சின் இருமாமல் சீராக உறுமியது.

5

இங்கேயே முற்றும் போட்டிருப்பேன். ஆனால் வாத்தியார் அதற்குள் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டார்.

"நேரமில்ல, நான் வேகமா கொண்டுபோய் விட்டுடறேன். அங்க போய் நீ ஓட்டு."

"போற வழியில ஓட்டிப் பழகினாத்தான் அங்க கை நடுங்காது. ரெண்டு தடவையும் இப்படித்தான் கூட்டிட்டுப் போனீங்க. இறங்குங்க."

'அவர் இறங்கி அந்தப் பக்கம்—' (நம்ப மாட்டீர்கள்.)

'அவர் இறங்காமல்—' (எழுத மனம் வரவில்லை.)

பத்து முப்பத்தெட்டு. அவள் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. நான்கு பிரதியாக இந்த மனுஷனிடம் பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.