சப்பாத்தின் தேய்ந்த பக்கம்

அஜின்கோர்ட் நகர்ப்பகுதியில் இருந்த அந்தப் பெரிய கடையைப் பூட்டப்போகிறார்கள் என்று அறிவித்தபோது, அதன் சப்பாத்துப் பகுதியில் அன்ரனெற் பதினேழு வருடங்களை முடித்திருந்தாள். வயது ஐம்பத்து மூன்று. வேலை இழக்கப்போகிறவர்களுக்காக, அதே கடைத்தொகுதியில் வெறுமையாகக் கிடந்த இன்னொரு கடைக்குள் அரசாங்கச் செலவில் ஓர் உதவி நிலையம் திறந்திருந்தார்கள்.

"அங்க போய் என்ன, இன்னுமொரு விண்ணப்பப் போம் நிரப்பவே?" என்றாள் கூட வேலை செய்த குணவதி.

அன்ரனெற்றுக்கோ உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போனாள்.

அங்கே ஆலோசகராக இருந்த ஸுஹைரா தமிழ் பேசினாள். முப்பது வயதுதான் இருக்கும்.

"அன்ரி, கடையில என்ன வேலை செய்றீங்க?"

"சப்பாத்து விக்கிறன். வேற ஒண்டும் தெரியாது."

"காலையில வந்ததில இருந்து என்னென்ன செய்வீங்க? ஒண்டையும் விடாமச் சொல்லுங்க."

அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். ஆட்கள் புதுச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கும் நேரத்தில், கழற்றிவைத்த பழையதைத் தான் புரட்டிப் பார்ப்பதையும் சொன்னாள்.

"அது ஏன்?"

"எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கெண்டு பாக்கத்தான். உள்பக்கம் தேய்ஞ்சால் பாதம் உள்ளுக்குச் சரியுது. அப்பிடியான ஆளுக்கு மெல்லிய சப்பாத்தைக் குடுத்தால் ஒரு கிழமையில திருப்பிக்கொண்டு வந்திடுவினம். ஏன் திருப்புறியளெண்டு கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு உது பிடிபட்டது."

ஸுஹைரா எழுதுவதை நிறுத்தினாள். தன்னுடைய சப்பாத்து இரண்டையும் கழற்றி மேசைக்குப் பக்கத்தால் தள்ளிவிட்டாள். வலது குதியின் வெளிப்பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"வலது முழங்கால் நோகுதோ?" என்று அன்ரனெற் கேட்டாள்.

"இல்லை அன்ரி. இடது இடுப்புத்தான் நோகுது."

அன்ரனெற் அந்தச் சப்பாத்தை இன்னொருமுறை புரட்டிப் பார்த்தாள். "அது ஏனெண்டு எனக்குத் தெரியேல்லை."

ஆட்களின் பாதத்தை அச்செடுத்து, சப்பாத்துக்குள் வைக்கும் தட்டுகளைச் செய்கிற வேலை ஒன்று இருப்பதாக ஸுஹைரா சொன்னாள். அதற்கான கல்லூரிப் படிப்பு நீண்டது. அன்ரனெற்றுக்குக் கிடைக்கக்கூடிய உதவி அவ்வளவு காலத்துக்குப் போதாது. ஆனால் ஒரு முதலாளி அவளை எடுத்துப் பழக்கினால், பழகும் மாதங்களுக்கான சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும்.

"நீங்களும் இந்த வேலை நடக்கிற நாலு இடத்துக்குப் போய்ப் பாருங்க. வேலை கேக்காதீங்க. வேலையைப் பத்திக் கேளுங்க."

முதல் இடத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது பட்டறை வேறெங்கோ மாறியிருந்தது. மூன்றாவது, நகருக்கு வெளியே பிக்கரிங்கில் இருந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் போய் இறங்கினாள். பிரவீனன் என்பவர் இரண்டு வேலையாட்களுடன் அதை நடத்திவந்தார். பத்து நிமிடம் தரலாம் என்றார்.

ஏன் தக்கை போடுகிறீர்கள், ஏன் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக அச்சு, என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஸுஹைராவின் சப்பாத்தையும் சொல்லிக் கேட்டாள்.

"ஒரு கால் கொஞ்சம் கட்டையெண்டாலும் அப்பிடி வரலாம்," என்றார் பிரவீனன். "ஆளைப் பாக்காமல் சொல்லேலாது."

ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகுதான் அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் வேலை தேடித்தானே வந்தனீங்கள்?"

"ஓம் தம்பி. ஆனால் முதல்ல வேலையைப் பற்றிக் கேக்கச் சொன்னவை."

அவர் சிரித்தார். ஆட்களைப் பழக்க நேரமும் செலவும் போவதையும், பழகியதும் அவர்கள் விட்டுப்போவதையும் சொன்னார். பழக்கும் காலச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தரும் என்று சொல்லி, அவள் ஸுஹைராவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிரவீனன் சம்மதித்த பிறகும் பத்திரங்கள் முடிய ஐந்து கிழமை எடுத்தது. ஒரு கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதி இல்லை என்று ஒருமுறை திரும்பியும் வந்தன. சம்பளம் கடையில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு. பழகும் ஆறு மாதம் முடிந்த பிறகும் வைத்திருப்பார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் கையெழுத்து வைத்தாள்.

முதல் கிழமையே ஒரு தட்டை அளவுக்கு மிஞ்சித் தீட்டிப் பழுதாக்கிவிட்டாள். பிரவீனன் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெலிந்துபோன இடத்தைக் காட்டினார். பிறகு புதிதாக ஒன்றை வெட்டிக் கொடுத்தார்.

"இது ஆருடைய கால் தம்பி?"

"ஒரு பஸ் ட்ரைவருடைய கால்."

"எந்த ரூட் ஓடுறவர்? அடிக்கடி நிப்பாட்டுற ரூட்டெண்டால் பிரேக் மிதிச்சு மிதிச்சு அந்தக் கால் நோகுமே."

பிரவீனனுக்குத் தெரியவில்லை. "அடுத்தமுறை வந்தால் கேளுங்கோ," என்றார்.

அவள் தூசு முகமூடியை இழுத்துவிட்டு, தட்டைத் தீட்டும் இயந்திரத்தைப் போட்டாள்.