அம்புறோசின் அளவு

சுருவில் கிராமத்தில் வேலைவெட்டி முடிந்த ஆண்பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு இரண்டே இரண்டுதான். ஒன்று சீட்டுக் கடுதாசி விளையாட்டு, மற்றது கோயில் வழக்கு. இரண்டும் கடைசியில் அடிதடியில்தான் போய் நிற்கும். இரண்டுக்கும் ஒத்துவராத ஏழெட்டுப் பேர் கூடி, பாழடைந்து கிடந்த ஒரு புகையிலைக் கொட்டிலைக் கூட்டித் துடைத்து, வாசலில் "மரவேலைக் கழகம்" என்று ஒரு பலகையையும் மாட்டினார்கள். அறுபத்திரண்டாம் ஆண்டு அது. மரவேலை தெரிந்தவர்கள் மாட்டிய பலகையே ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, சிரிக்கிறவன் வந்து மாட்டினானா?

சனிக்கிழமை பின்னேரமானால் கொட்டிலுக்குள் சீவுளி இழுக்கிற சத்தம் கேட்கும். ஆளுக்கொரு வேலை. தம்பிராசா ஒரு ஸ்ரூல் செய்தார். ஒரு கால் நீளம் என்று அதை அறுத்தார். பிறகு மற்றக் கால் நீளம். அறுத்து அறுத்து அது கடைசியில் குசினியில் குந்துகிற பலகைக்கட்டையாகி வீட்டுக்குப் போயிற்று. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தெற்கே வைத்திருந்த கடை எரிந்துபோக, உடுத்த வேட்டியோடு கப்பலில் வந்து இறங்கிய இராசநாயகம் ஒரு சாய்மனைக் கதிரையைத் தொடங்கினார். முடித்தால் அதில் சாய்ந்து கடையை நினைக்க வேண்டிவரும் என்றோ என்னவோ, அந்த மனிசன் அதை முடிக்கவே இல்லை.

கழகத்தின் தலைவர் குலசிங்கம். வாரநாட்களில் றோட்டு ஓவசியர். சனி, ஞாயிறில் அவருக்குத் தலைக்கனம் சற்றுக் கூடும். காரணமும் உண்டு. அவர் இரண்டு பலகையைப் பொருத்தினால், சிகரட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை எடுத்து அந்தப் பொருத்தில் விட்டுப் பார்ப்பார். தாள் போனால் பலகை விறகுக்கு. ஆணி என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "ஆணி அடிக்கிறவன் மரத்துக்கு எதிரி" என்பார். விரலுக்குள் விரல் கோத்த மாதிரிப் பல்லு வெட்டி, பசை பூசி இறுக்கினாரென்றால், பிறகு அந்த மரமே விரும்பினாலும் பிரிய ஏலாது. தன் வளவில் நின்ற வேம்பைத் தறித்து அரிந்து, மூத்தவள் சறோஜினிதேவியின் கலியாணத்துக்கு ஓர் அலுமாரி செய்யப் பலகைகளைக் காயவைத்திருந்தார்.

அவர் நின்று மரம் சீவுகிற நீள வாங்குக்குப் பக்கத்து வாங்கு அம்புறோசுக்கு. கரைப்பக்கத்துக் கத்தோலிக்கன், கடல் தொழில்காரன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. மகன் சில்வெஸ்ரர் தகப்பனை அச்சில் வார்த்த மாதிரி. உடுப்பிலும் இரண்டுபேரும் ஒரே சேட்டை மாற்றி மாற்றிப் போடுவார்கள். "உங்கட வீட்டில எந்தச் சேட்டு ஆற்றை எண்டு உம்மட மனிசி பிலோமினம்மாவுக்காவது தெரியுமே?" என்று தம்பிராசா பகிடி பண்ணுவார். சித்திரையில் கழகம் வைக்கவிருந்த கண்காட்சிக்கு, தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து அந்தோனியார் சுரூபம் வைக்க ஒரு கூடு செய்துகொண்டிருந்தார்கள். முகப்பில் இரண்டு லீலிப் பூ. இடப்பக்கப் பூவைச் சில்வெஸ்ரர் செதுக்கி முடித்திருந்தான்.

கழகத்தில் ஒரு சட்டம் இருந்தது. முதல் கூட்டத்திலேயே இராசநாயகம் பிடிவாதமாய் நின்று போட்ட சட்டம். பிரேதப் பெட்டியும் பாடையும் இந்தக் கொட்டிலுக்குள் செய்யக்கூடாது. நல்ல காரியத்துக்கு மரம் சீவுகிற இடம் இது என்றார். அம்புறோசும் கையை உயர்த்தினான். பிரேதப் பெட்டி வேண்டுமானால் ஊர்காவற்றுறையில் ஆள் இருக்கிறது, எங்களுக்கு ஏன்?

அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் வந்ததே ஒரு புயல், அது ஊரைச் சும்மா விட்டுவைக்கவில்லை. கூரைகள் பறந்தன, பனைகள் முறிந்து றோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. முந்தின நாள் அம்புறோசுக்குக் காய்ச்சல். "நீங்கள் படுங்கோ அப்பு, நான் கடலுக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சில்வெஸ்ரர் தனியே அனலைதீவுப் பக்கமாய் வத்தைத் தோணியைக் கொண்டுபோனான். போனவன் போனவன்தான்.

காற்று ஓய்ந்தபின் அம்புறோஸ் கரையைவிட்டு அசையவில்லை. சோறு கொண்டுபோன பிலோமினம்மா சோற்றோடு திரும்பி வந்தாள். நாலாம் நாள், காரைநகர்க் கரையில் ஒரு பிரேதம் ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்ததும், அவளுடைய தம்பி எமிலியானுஸ் போய்ப் பார்த்தான். கழுத்தில் கிடந்த அந்தோனியார் பதக்கத்தைக் கண்டு அவன்தான் என்று சொல்லியனுப்பினான். மரண விசாரணை முடிய மறுநாள் பின்னேரம் கொண்டுவருவார்களாம்.

அன்று மத்தியானம் அம்புறோஸ் கொட்டிலுக்கு வந்தான். குலசிங்கம் அலுமாரிப் பலகையைச் சீவிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, பிள்ளைக்குப் பெட்டி வேணும். ஊர்காவற்றுறையில போய்க் கேட்டனான். கைவசம் பெட்டியும் இல்லையாம், பலகையும் இல்லையாம். செத்த சனம் அவ்வளவு."

குலசிங்கம் சீவுளியைக் கீழே வைத்தார். சட்டம் நினைவுக்கு வந்தது, வரத்தான் செய்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவருடைய வாய் வேறொன்றைச் சொன்னது.

"பலகை இருக்கு. நான் செய்து தாறன். உயரம் என்ன, தோள் அகலம் என்ன, சொல்லும்."

"அவன்ர அளவு எனக்கென்ன தெரியும் அண்ணை? என்ர சேட்டைத்தானே போடுறவன்." அம்புறோஸ் வாங்கில் கிடந்த சீவலைக் கையால் தள்ளிவிட்டு ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்தான். "என்னை அளவுங்கோ."

குலசிங்கம் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "எழும்பும் அம்புறோஸ்! உயிரோடை இருக்கிற ஆளைப் பெட்டிக்கு அளக்கிறதே? எங்கட ஆக்கள் கதைக்கவே மாட்டினம் இப்பிடி ஒரு கதை. எழும்பும், சேட்டைக் கொண்டுவாரும், அதில அளப்பம்."

"சேட்டில கால் நீளம் தெரியுமே அண்ணை? அளவுங்கோ." கண்ணை மூடிக்கொண்டான். கேட்காமலே இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டான்.

அளக்காமல் விட்டிருக்கலாம். ஒரு குத்துமதிப்பாய்ச் செய்திருக்கலாம், உலகத்தில் எல்லாப் பெட்டியும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குத்துமதிப்பு என்பது குலசிங்கத்தின் கைக்கு வராத ஒன்று. அளவுநாடாவை எடுத்தார். உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்தார். தோளை அளந்தார். நெஞ்சின் உயரத்தை அளக்கும்போது அது ஏறி இறங்கியது. "கொஞ்சம் மூச்சைப் பிடியும்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

சறோஜினிதேவியின் அலுமாரிப் பலகை முழுவதும் அதற்குத்தான் போயிற்று. பெண்சாதி அன்னபூரணம் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "கலியாணப் பலகையை..." என்று தொடங்கியவள், பலகையின் நீளத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். தம்பிராசா பலகையைப் பிடித்துக் கொடுத்தார். இராசநாயகம் உள்ளே வரவில்லை. வெளியே வெயிலில் நின்றார், போனார், மறுபடி வந்தார். பிறகு விறுவிறென்று உள்ளே நுழைந்து தன் சாய்மனைக் கதிரையின் இரண்டு கைகளையும் கழற்றி எடுத்தார்.

"தூக்கிறதுக்குப் பிடி வேணுமெல்லோ" என்றார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பெட்டி முடிந்தது. ஓர் ஆணி இல்லை. மூடிகூட விளிம்பில் வெட்டிய காடிப் பள்ளத்தில் ஓடி வந்து பூட்டிக்கொள்ளும். குலசிங்கம் தன்னையறியாமல் வெள்ளித்தாளை எடுத்து மூலைகளில் விட்டுப் பார்த்தார். போகவில்லை. அதைவிட நல்ல வேலை அவர் கையால் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. அந்தத் துக்கத்திலும் மனதின் ஒரு மூலை சந்தோசப்பட்டது. பாழாய்ப்போன சந்தோசம்.

பின்னேரம் எமிலியானுஸ் பிரேதத்தை வண்டிலில் கொண்டுவந்து, அம்புறோஸ் வீட்டு முற்றத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் இறக்கினான். படங்குத் துணியை விலக்கியபோது சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். குலசிங்கம் மூக்கைப் பொத்தவில்லை, தலையில் கையை வைத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்குவதற்கு ஓர் இடம் வேண்டாமா? கடலில் அத்தனை நாள் கிடந்த உடம்பு ஊதிப் பெருக்கும் என்று கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அம்புறோசுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவன் மனதில் இருந்த பிள்ளை, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத்தான் தகப்பன் அளவு கொடுத்தான்.

தோள் இறங்கவில்லை. சரித்துப் பார்த்தார்கள், அப்படியும் இறங்கவில்லை. அதற்குமேல் அமுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"பக்கப் பலகையை ஒருக்காக் கழட்டிவிடுங்கோ அண்ணை," என்றான் எமிலியானுஸ். "நாலு விரல் அகலம் கிடைச்சால் காணும்."

"கழட்ட ஏலாது."

"ஆணியைப் பிடுங்கினால்..."

"ஆணி இல்லையடா தம்பி!" என்று குலசிங்கம் கத்தினார். "ஒரு ஆணி இல்லை! உளியை வைச்சால் பலகை பிளக்கும். நான் அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறன்."

அடக்கத்துக்கு வந்து நின்ற சுவாமியார் வானத்தைப் பார்த்தார், இருட்டிக்கொண்டு வந்தது. அம்புறோஸ் வீட்டுப் பின்கொட்டிலுக்குப் போய்ப் பழைய வத்தைப் பாய்ச்சீலையை இழுத்துக்கொண்டு வந்தான். அதில் சுற்றித்தான் சில்வெஸ்ரரைப் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி முற்றத்தில் வாய் திறந்தபடி கிடந்தது.

அடுத்தநாள் குலசிங்கம் பெட்டியை எடுக்கப் போனார். கொத்தி எரித்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். வெறும்பெட்டி ஆள் தேடும் என்று அவருடைய ஆச்சிமார் சொல்லிய கதை அவருக்குள் இரவெல்லாம் உழுதுகொண்டிருந்தது. அந்தப் பெட்டி ஆரைத் தேடும் என்பதும் அவருக்குத் தெரியும், அளவு அவர் கையால் எடுத்ததல்லவா?

பெட்டி வீட்டுக்குள் கூரை வளையில் ஏறியிருந்தது. கீழே பாயில் அம்புறோஸ் மல்லாந்து படுத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"தாரும் அதை. உமக்கு வேறை என்னவும் செய்து தாறன்."

"அது என்ர பெட்டி அண்ணை. என்னைத்தானே அளந்தனீங்கள்."

"விசர்க்கதை கதையாதையும்!"

"காய்ச்சல் எண்டு படுத்தனான் அண்ணை. அப்பிடி ஒண்டும் பெரிய காய்ச்சலும் இல்லை." அவ்வளவுதான் சொன்னான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

குலசிங்கம் விடவில்லை. ஞாயிறு தவறாமல் போனார். கெஞ்சினார், ஏசினார், சித்திரைக் கண்காட்சியைச் சொல்லி ஆசை காட்டினார். ஒருநாள் தோளில் கைபோட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அந்தோனியார் கூட்டை முன்னால் வைத்து, உளியைக் கையில் கொடுத்து, "வலப்பக்கப் பூவை வெட்டும்" என்றார். அம்புறோஸ் இடப்பக்கப் பூவை விரலால் தடவினான். உளி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. கண்காட்சிக்கு வந்த சனம் ஒற்றைப் பூவோடு நின்ற கூட்டைப் பார்த்து, புதுமாதிரியான வேலை என்று மெச்சிவிட்டுப் போயிற்று.

கடைசியில் ஒரு காலமை, அம்புறோஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குலசிங்கம் மரம் அரிகிற வாளோடு போனார். ஏணியை வைத்து ஏறி, பெட்டியின் மூலையில் வாளை வைத்தார். பிலோமினம்மா ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதையுங்கோ அண்ணை! அதைப் பாத்துக்கொண்டுதான் மனிசன் ஒரு வாய் சோறெண்டாலும் தின்னுது. அதையும் எடுத்தால் அதுவும் இல்லை."

"பிள்ளை, இது உன்ர மனிசனைக் கொண்டுபோகும்."

"போற மனிசனைப் பெட்டியே கொண்டுபோறது?" என்றாள் அவள். "நீங்கள் அளக்காட்டிலும் அவர் போயிருப்பார். இறங்குங்கோ."

அவள் சொன்னதை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் குலசிங்கம் இறங்கினார். பலகையில் வாளின் ஒரு கீறல் மட்டும் மிஞ்சியது.

ஆடி மாதம் அம்புறோஸ் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார்களாம், சாப்பிட்டால் சரி என்றார்களாம். சாப்பிட்டால்தானே.

எமிலியானுசும் தம்பிராசாவும் பெட்டியை வளையிலிருந்து இறக்கினார்கள். குலசிங்கம் தூசி துடைத்தார். தான் அளந்த அளவு, தான் செய்த பெட்டி. இனி என்ன, கச்சிதமாய்ப் பொருந்தும், ஊர் மூக்கில் விரலை வைக்கும், அந்தப் பழியைச் சாகுமட்டும் சுமக்க வேண்டியதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

உடம்பைத் தூக்கி வைத்தார்கள். பொருந்தவில்லை.

மகன் கொள்ளாத பெட்டிக்குள் தகப்பன் ஒரு மூலையில் கிடந்தான். அந்தப் பெரிய உடம்பு எங்கே போயிற்றோ, தோளுக்கு இரு பக்கமும் அவ்வளவு இடம். வெள்ளித்தாள் போகாத பொருத்துக்குப் பெயரெடுத்த மனிசன், தன் கை முழுவதையும் அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தார்.

"தூக்கேக்கை ஆள் உருளுமண்ணை," என்றான் எமிலியானுஸ் மெதுவாக.

"பிள்ளை, ஏதும் துணிமணி இருந்தால் தா," என்று குலசிங்கம் பிலோமினம்மாவிடம் கேட்டார்.

அவள் உள்ளே போய் ஒரு கட்டுச் சேட்டோடு வந்தாள். தோய்த்து மடித்து வைத்திருந்த சேட்டுகள்.

"ஆற்றை, பிள்ளை? அம்புறோசின்ரையோ, மகன்ரையோ?"

"அது எனக்கும் தெரியாது அண்ணை," என்றாள்.

குலசிங்கம் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாய்ச் சுருட்டி, தோளடியிலும் விலாவடியிலும் வைத்து அடைத்தார். கடைசிச் சேட்டையும் வைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். இப்போது இடைவெளி இல்லை. அந்த இடத்திலேயே தலையைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, ஊர் பார்க்க, ஓவென்று அழுதார். இராசநாயகம்தான் வந்து அவரைத் தோளில் பிடித்து எழுப்பினார். எமிலியானுஸ் மூடியைக் காடியில் வைத்துத் தள்ளினான்.