துணை வேட்பாளரைப் பார்க்க வந்தார்கள்

அமெரிக்கத் துணை ஜனாதிபதி வேட்பாளராக யார் வருவார் என்று தொலைக்காட்சியில் ஊகம் சொல்பவர், முடிவு தெரியும்வரை அந்த ஆட்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும். குலோத்துங்கனின் வளசரவாக்கம் ஃப்ளாட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மக்காச்சோளம் விளையும் மாநிலம் ஒன்றின் ஆளுநர் ஹாலில் படுத்துக்கொண்டார். பெண் செனட்டருக்குப் படுக்கையறையைக் கொடுத்தாயிற்று. ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி பால்கனியில், காயும் துணிகளுக்கு அடியில், நின்றபடியே தூங்கினார்.

மூவருக்கும் வடித்துக் கொட்டியவள் குலோத்துங்கனின் மனைவி செண்பகவல்லி.

குலோத்துங்கன் சர்வதேச அரசியல் நோக்கர். அமெரிக்கா போனதில்லை. பக்கத்தில் போனால் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. இதுவரை எந்தத் தேர்தலிலும் அவர் சொன்ன ஆள் வந்ததில்லை. அதை அவர் அமெரிக்காவின் பிழையாகவே கருதினார். ஆனால் இந்த முறை சேனல் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். இதுவும் தப்பினால் குலோத்துங்கனின் நாற்காலி வாஸ்து நிபுணர் தண்டபாணிக்கு. தண்டபாணி கோட்டு தைக்கக் கொடுத்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து ஜனாதிபதி வேட்பாளர் வீட்டார் வந்தார்கள். ஹால் அவர்களுக்காகக் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. எழுபத்தெட்டு வயது வேட்பாளர் சோபாவில் தலைகுனிந்து உட்கார்ந்தார். பிரச்சார மேலாளர்தான் பேசினார்.

“பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம். மேடையிலதான் வாயத் திறப்பான்.”

“எதிர்பார்ப்பு ஏதாவது...” என்று குலோத்துங்கன் இழுத்தார்.

“சேச்சே, நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. உங்க ஆளுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க. ஒரு மாநிலத்தைக் கையோட கொண்டுவந்தாப் போதும்.”

ஆளுநர் தன் மாநிலத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார். மேலாளர் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“சாயம் போகுமா?”

“ரெண்டு தேர்தலுக்குப் போகாது.”

அந்த நேரம் பார்த்து செண்பகவல்லி பஜ்ஜித் தட்டோடு வந்தாள். தட்டு கொண்டுவருபவரைத்தானே பார்க்க வருவது. வேட்பாளர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார்.

“இது நம்ம வீட்ல...” என்றார் குலோத்துங்கன். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

“பின்னாடி நின்னு தலையாட்ட வருமாம்மா?” என்றார் மேலாளர்.

“வரும்.”

“புரியாத பேச்சுக்குக் கைதட்ட?”

“புரிஞ்சும் தட்டியிருக்கேன்.”

“எவ்வளவு நாள் அனுபவம்?”

“கல்யாணம் ஆனதுலேருந்து.”

வேட்பாளர் பஜ்ஜியை மென்றபடி தலையசைத்தார்.

“உனக்குச் சம்மதமாம்மா?” என்றார் மேலாளர்.

“அவர் வீட்ல எவ்வளவு நேரம் இருப்பாரு?”

“உனக்குத் தனி வீடு. அவர் வரவே மாட்டாரு.”

“அப்போ சம்மதம்.”

படுக்கையறையில் செனட்டர் விசும்பினார். செண்பகவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டார். நாடே நாளை அவரை மரியாதையாகப் பேசப்போகிறது என்பதால் நாமும் இப்போதே தொடங்குவது நல்லது. “மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு,” என்று ஆளுநரிடம் சொன்னார். லிஃப்ட் கீழே போகாமல் நேராக மேற்கே போயிற்று.

அன்று சாயங்காலம் குலோத்துங்கன் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தார். உலகத்திலேயே விடை தெரிந்த ஒரே நோக்கர் அவர்தான். பெயரைச் சொன்னால் போதும், நாற்காலி நிலைக்கும்.

“கடைசியா யாரு சார்?” என்றார் தொகுப்பாளர் நிவேதினி.

வாயைத் திறந்தார். அந்தப் பெயர் தொண்டைவரை வந்தது. காபி கேட்பதற்கு மட்டுமே அதுவரை பயன்பட்ட பெயர். செய்தியாகச் சொல்ல நாக்கு புரளவில்லை.

“ஆளுநர்தான். மாற்றுக் கருத்துக்கே இடமில்ல.”

பின்னாலிருந்த திரையில் செண்பகவல்லி, வேட்பாளருக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தார்.

நிவேதினி காதுக்கருவியைத் தொட்டுக்கொண்டார். “இவங்களப் பத்தி யார்கிட்டயும் ஒரு விவரமும் இல்லையாம் சார். விவரம் சொல்றவங்களுக்கு நாற்காலின்னு முதலாளி சொல்றாரு.”

குலோத்துங்கன் நிம்மதியாகச் சாய்ந்தார். “அவ என் சம்சாரம்.”

“அது உங்களப் பத்தின விவரம் சார்.”

“நல்லா சமைப்பா.”

“அதுவும்.”

அவர் யோசித்தார். விளம்பரங்கள் வந்து போயின. என்ன படித்தாள்? ஊர் ஏதோ ஓர் ஆற்றங்கரை. எந்த ஆறு?

ஓரமாக நின்ற தண்டபாணி தொண்டையைக் கனைத்தார். “ஒருதரம் அவங்க வீட்டு அடுப்பங்கரைக்குத் திசை பார்க்கப் போனேன். அப்போ சொன்னாங்க. காலேஜ்ல நீச்சல் வீராங்கனை. தாமிரபரணிய வெள்ளத்துல குறுக்க நீந்தினவங்க.”

“நீச்சலா?” என்றார் குலோத்துங்கன்.

அதற்குள் அவருடைய மைக்கைக் கழற்றியிருந்தார்கள்.