இரண்டாவது சாட்சி

வியாழன் கோளின் ஓரத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒரு வெளிச்சம் தோன்றி அணைந்தது. கண்ணாடிக்கடைக்காரர் டெலஸ்கோப் வழியாக எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. எங்கிருந்தோ வந்த வால்நட்சத்திரத் துண்டு ஒன்று அந்த ராட்சசக் கோளில் போய் மோதியிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு மொட்டைமாடிக்கு ஓடியதற்கும், மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கும் சேர்த்து, கடைசியில் பலன் கிடைத்துவிட்டது.

ஆனால் ஒற்றை ஆள் சொல் அம்பலம் ஏறாது. வேறோர் இடத்திலிருந்து இன்னொருவரும் அதே நொடியில் பார்த்திருந்தால்தான் அது கண்டுபிடிப்பு. இல்லாவிட்டால் கேமராக் கோளாறு. வானம் பார்க்கிறவர்களின் குழுவில் விசாரித்தார். ஒருவர் ஊரில் மழை, இன்னொருவருக்குக் காய்ச்சல். மிச்சமிருந்தது மனைவியின் தம்பி மட்டும்தான்.

அங்கேதான் இடித்தது. போன வருடம் மச்சினன் இதே மாதிரி ஒரு வெளிச்சத்தைப் பிடித்துக் குழுவில் போட்டான். அன்றைக்கு இவரும் வியாழனைத்தான் படம்பிடித்திருந்தார். ஆனால் தன் வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல், "என்னோடதுல ஒண்ணும் இல்ல. தூசியப் பாத்துட்டுக் குதிக்கிறான்" என்று எழுதினார். குழுவே சிரித்தது. பொறாமைதான், வேறென்ன? திறந்து பார்க்காத கதை யாருக்கும் தெரியாது. அக்கா தன் புருஷனுக்குப் பரிந்து பேசப்போக, அவளோடும் அவனுக்குப் பேச்சு நின்றது.

"வானத்துல இருக்கறதெல்லாம் தெரியுது. போன் எங்க இருக்குன்னு தெரியலையா?" என்று மனைவி போனைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் நகரவில்லை.

மச்சினன் உடனே எடுத்துவிட்டான். இவர் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார்.

"இங்க ஒரே மேகம் மாமா. டெலஸ்கோப்ப வெளியவே எடுக்கல."

"சரிப்பா."

"நானும் பாத்தேன், படம்தான் எடுக்கலன்னு... எழுதிடட்டுமா?"

கேலியோ என்று பார்த்தார். இல்லை, பயல் மனசாரத்தான் கேட்கிறான். அதற்குப் பதில் அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். 'ம்' என்றால் போதும், கண்டுபிடிப்பு இவருடையது. அந்த 'ம்' நாக்கு நுனிவரை வந்தது.

"வேணாம்டா," என்றார். "பாக்காம எழுதாத. நான் பாக்காம எழுதினதே போதும்."

"பாக்காமயா?"

மனைவி நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். இணைப்பு அறுந்துவிடும் என்று காத்திருந்தார். மறுமுனையில் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு அவன் உட்காரும் சத்தம் கேட்டது.