சாயம் பூசிய மரங்கள்

எண்ணெய்க் கிண்ணத்துக்குள் துளசி விரலை விடப் போனபோது பாப்பா அத்தை அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கூடத்தில் அவள் அப்பா சன்னாசியின் உடல் கிடந்தது. உறவுகள் ஒவ்வொருவராக வந்து அவர் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

"வெஷம் வச்ச கையால எங்கண்ணன் தலையத் தொடாத!"

அத்தையின் குரல் லேசுப்பட்டதா? அவர் ஈப்போவில் தும்மினால் கடலோரச் சித்தியவானில் மீன் வலை அறுந்துவிடும். ஒப்பாரி வைத்தவர்களே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சன்னாசிதான் அப்படித் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பெற்ற மகள் சோற்றில் விஷம் வைக்கிறாளாம். தட்டை வீசியெறிந்தார், ஊட்டப் போன துளசியைக் கடித்தார். கடைசியில் கைலி நிற்க இடுப்பில்லாமல் போனார்.

"சாவப் போறவன் பொய் சொல்வானா லா?"

"அது அப்பா பேச்சில்ல அத்தே, மறதி நோயோட பேச்சு. மூளைக்குள்ள காவல் செல்லு இருக்காம். கிருமிய, குப்பைய அதுதான் திங்குமாம். எதத் திங்கணும்னு அதுக்கு அடையாளம் காட்டுறது ஒரு புரதம். அப்பாவுக்கு அது நல்ல இடத்துலயும் ஒட்டிக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"சோத்தப் பத்திக் கேட்டா புரதங்கிறா! படிச்ச புளுகு!"

"ரப்பர் தோட்டத்துல மரம் சாய்க்கிறதுக்கு முன்னால சாயம் பூசுவாங்கள்ல?"

"பால் வத்தின மரத்துக்குப் பூசுவாங்க."

"பால் கொட்டுற மரத்துக்கும் பூசிட்டா?"

உலகத்து ரப்பர் மரங்களில் பாதியைத் தான் ஒருத்தியே பாலுக்குச் சீவியதாகச் சொல்லிக்கொள்பவர் அத்தை. அந்தத் தோட்டத்தை அழித்த மண்ணில்தான் இந்த வரிசை வீடுகள் நின்றன.

"வெட்ட வந்தவனுக்கு என்னாடி தெரியும்? சாயத்தப் பாத்தா வெட்டுவான்" என்றார் மெதுவாக.

"அதான் அத்தே."

"அப்படியே வெட்டிக்கிட்டே போச்சா?"

"ம்."

"யாரு பூசினாங்களாம்?"

"டாக்டருங்களுக்கே முழுசாத் தெரியலையாம்."

"நிறுத்த மருந்து?"

"தேடுறாங்களாம்."

அத்தை அண்ணனின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் யாரோ செருமினார்கள். பிறகு கிண்ணத்தைத் துளசியின் உள்ளங்கையில் சாய்த்தார். தேவைக்கு மேலேயே ஊற்றினார்.

மற்றவர்கள் ஒரு சொட்டோடு நகர்ந்த இடத்தில் துளசி முழுத் தலைக்கும் தேய்த்தாள். நெற்றியோரம், பிடரி, காதுக்குப் பின்னால். மடலில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடியும் தேய்த்தாள்.

வாசலில் காத்திருந்த பிணவண்டிக்காரர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.