காற்றுப் பக்கத்து ஜன்னல்

மலைப்பாதையில் நடப்பவர்கள் தங்குவதற்கு நான் மரக்குடில்கள் வரைகிறேன். அவற்றை மேலே போய்க் கட்டுவது என் வீட்டுக்காரர். என்ன பொருத்தம் என்று எல்லோரும் மெச்சினார்கள். மெச்சியவர்கள் யாரும் மாதக்கணக்கில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டதில்லை.

மேலே சிக்னல் கிடையாது. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் இறங்கி வருவார். வந்தாலும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

எங்கள் தொழிலின் பாலபாடம் இது: குடிலின் முதுகு காற்றுப் பக்கம் இருக்க வேண்டும், அந்தச் சுவரில் திறப்பே கூடாது. கடைசிக் குடிலுக்கு நான் தெரிந்தேதான் அந்தச் சுவரில் ஜன்னல் வைத்தேன். அந்தத் திசையில்தான் எங்கள் ஊர். விளக்குகளைப் பார்த்தாவது மனுஷனுக்கு வீட்டு நினைப்பு வரட்டுமே. அவரும் மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டார்.

மழைக்காலம் வந்ததும் படுக்கைப் பலகை நனைகிறது என்று புகார் வந்தது. மேலாளர் வரைபடத்தை என் முன்னால் விரித்தார்.

"ஏம்மா, இது நீ வரைஞ்சதா?"

"நான்தான் சார்."

"அப்போ நீயே போய் அடைச்சுட்டு வா."

கரும்பு தின்னக் கூலியா? அன்றே கிளம்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் அங்கே பக்கத்தில் ஒரு மரப்பாலம் போட்டுக்கொண்டு அந்தக் குடிலில்தான் தங்கியிருந்தார்.

போனதும் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எதிரே ஒரு பாறைமேடு முழுசாக மறித்து நின்றது. அதன் உயரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆசை கண்ணை மறைத்திருக்கிறது.

"ஊர் தெரியலையே," என்றேன்.

"தெரியாது."

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"சுவர் எழுப்புறப்பவே."

"அப்புறம் எதுக்கு ஜன்னல்? மூடித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ எதுக்கு வெச்சேன்னு புரிஞ்சுது."

ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு கிடந்தது. நான் வரையாத பெஞ்சு. அதைக் காட்டிக் கேட்டேன்.

"வேலை முடிஞ்சா இங்கே உட்கார்ந்துக்குவேன். மேடுதான் தெரியும். அதுக்கு அந்தப் பக்கம்தானே நீ இருக்கே."

இதைச் சொல்ல இந்த மனிதருக்கு நான் மலையேறி வர வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் நான் பலகையைப் பிடித்துக்கொள்ள அவர் ஆணி அடித்தார். கடைசிப் பலகையை வைக்கும் முன் கையால் என்னைத் தடுத்துவிட்டு, குனிந்து அந்த மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.