ஒரு பிடி தீனி

மலர்வளையம் வாசலில் நுழையவில்லை.

லாரி டயர் அளவுக்கு இருந்தது அது. தூக்கி வந்த இரண்டு பேரும் சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். ம்ஹூம். ராயபுரத்தின் அந்தச் சந்து வீட்டுக்குள் சவப்பெட்டி போனதே மாதா புண்ணியம். வளையத்தின் குறுக்கே ஓடிய ஊதா ரிப்பனில் 'கண்ணீர் அஞ்சலி' என்று தங்க எழுத்து. அதற்குக் கீழே, கண்ணீரைவிடப் பெரிய எழுத்தில் இறால் பண்ணையின் பெயர்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்த ஜூடி நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளியவே வைங்க."

"மொதலாளி அனுப்பிச்சதும்மா."

"அதான் சொல்றேன், வெளிய வைங்க."

"சும்மா கெட ஜூடி," என்றாள் அம்மா அடைக்கலமேரி. "சாவு வூட்ல சண்ட வாணாம்."

சண்டை வேண்டாமாம். சண்டை போடத் தெரிந்த குடும்பமாக இருந்திருந்தால் ஜார்ஜ் இப்படித் தலைகுனிந்து செத்திருப்பாரா? நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. ஐம்பத்தாறு வயது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தாளில் அவமானம் என்று எழுத இடமில்லை.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே ஆறுமுகநயினாரின் இறால் பண்ணையில் ஜார்ஜ் பதினோரு வருஷம் தீனி போட்டவர். தீனி தூவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் அவர் வேலை செய்து பார்த்ததில்லை. மூட்டையைப் பிரித்ததும் நாலு குச்சித் தீனியை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். ருசி பார்த்துத் துப்பிவிட்டுத்தான் குளத்தில் தூவுவார். இரண்டு மணி நேரம் கழித்து வலைத்தட்டைத் தூக்கி எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்ப்பார். ஓர் இறாலை எடுத்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். முதுகில் குடல் கருப்புக் கோடாக நிறைந்து தெரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"எறாவுக்கு வயிறு சரியா இருந்தா நோவு கிட்ட வராதுடி," என்பார் ஜூடியிடம். "வயிறு கெட்டுச்சா, கொளத்துல பன்னீர வுட்டாலும் சாவும்."

அந்த மனிதர்மேல்தான் பழி விழுந்தது. பெரிய குளத்தில் இறால்களுக்கு நோய் கண்டது. தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரிக் கழிவு மிதந்தது. ஓடு தளர்ந்தது. எட்டே நாளில் பாதிக் குளம் செத்துக் கரையொதுங்கியது. ஆறுமுகநயினார் மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜார்ஜ் தீனியைத் திருடி வித்துட்டான். இறாலைப் பட்டினி போட்டான். அதான் நோய் வந்திருச்சு." மூட்டையை ஆட்டோவில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்ததாகக் காவல்காரர் பென்னி சாட்சி சொன்னார். இருபது நாளுக்கு முன்னால் வேலை போய், ஜார்ஜ் தூக்குவாளியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கோயில் வாசலில் பேசினார்கள், மீன் ஏலத்தில் பேசினார்கள். எதிர்வீட்டு பெனிஷா குழாயடியில் நின்றுகொண்டு, "சாதுவா இருந்துகினே இன்னா வேல பண்ணிக்கிறாரு பாரேன்," என்றாள். ஊரை விடுங்கள். ஜூடியே கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரிடம், எதிரில் உட்கார்ந்து, "நெஜமா வித்தியாப்பா?" என்று கேட்டாள். ஜார்ஜ் அவளைப் பார்த்தார். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். அதற்குப் பிறகு அப்பனும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இனிமேல் பேசவும் முடியாது.

பதினோரு மணிக்கு ஆறுமுகநயினாரே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றார். வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தப்புப் பண்ணினவர்தான். எனக்கு ஒரு குளமே போச்சு. ஆனா செத்தவர் மேல என்ன கோவம்? நான் மன்னிச்சிட்டேன்."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று யாரோ சொன்னார்கள்.

ஜூடிக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. மன்னித்துவிட்டாராம்! செத்துக் கிடப்பவரைத் திருடன் என்று இன்னொரு தடவை சொல்வதற்கு இவ்வளவு பெரிய வளையமா? எழுந்தவளின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். ஜூடியும் எதைச் சொல்லிச் சண்டை போடுவாள்? அப்பா விற்றாரா இல்லையா என்று அவளுக்கே தெரியாதே.

அடக்கத்துக்குப் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது பென்னி வந்தார். முன்வாசல் வழியாக வரவில்லை. பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்று, ஜூடியைக் கையசைத்துக் கூப்பிட்டார். காவல்காரச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"இன்னா மாமா? சாட்சி சொல்ல வந்தியா?"

பென்னி அப்படியே தரையில் குந்திவிட்டார்.

"பொய் சொல்லிட்டேம்மா. ஆட்டோவும் இல்ல, ஒண்ணியும் இல்ல. மொதலாளி சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

"அப்ப மூட்ட எங்க போச்சு?"

"மழையில குடோனுக்குள்ள தண்ணி பூந்து தீனி மொத்தமும் நனஞ்சிபோச்சும்மா. தார்பாய்ல கொட்டிக் காய வச்சி, திரும்ப மூட்ட தச்சிட்டாங்க. உள்ள பச்சையா பூஞ்சக்காளான். உங்கப்பா வாயில போட்டதும் துப்பிட்டாரு. 'இது வெசம் மொதலாளி, இதத் துன்னா எறாவுக்கு ஈரல் போயிடும், எல்லா நோவும் வந்து ஒட்டிக்கும்'னாரு. மீனெண்ணெயக் கலந்து போடு, வாசன தெரியாம துன்னும்னு சொல்லிட்டாரு மொதலாளி. போடலன்னா கெளம்புன்னுட்டாரு."

"போட்டாரா?"

"பாதிய பெரிய கொளத்துல போட்டாரு. பாதிய கரையில குழி தோண்டிப் பொதச்சாரு. நான்தான் மம்புட்டி புடிச்சேன். அதுக்குப் பதிலா ஆத்துல மட்டி பொறுக்கியாந்து, வேகவச்சி, சதைய இடிச்சிப் போட்டாரு. சின்ன கொளத்துக்குத்தான் பத்துச்சு. அந்தக் கொளத்துல மட்டும் இன்னிக்கி வரைக்கும் ஒரு எறா சாவல."

கதவோரம் வந்து நின்ற அடைக்கலமேரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பெரிய குண்டான்," என்றாள் மெதுவாக. "ரெண்டு மாசமா தேடிகினு கீறேன். அதுலயா வேகவச்சாரு?"

பென்னி தலையாட்டினார்.

ஜூடி சுவரில் சாய்ந்தாள். ஆறு வருஷமாகக் காசிமேட்டில் இறால் உரிக்கிறவள் அவள். நோய் கண்ட குளத்தை அவசரமாக அள்ளியபோது அந்த இறால் அவள் கொட்டகைக்குத்தான் வந்தது. கூடை கூடையாக உரித்தாள். ஓடு ஒரு பக்கம், சதை ஒரு பக்கமாகத் தொளதொளவென்று கழன்று வந்தது. குடலை இழுத்தால் வெள்ளையாக வந்தது. பட்டினி கிடந்த இறாலுக்குக் குடல் காலியாகக் கண்ணாடி போல இருக்கும். அது கொட்டகையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். இது வயிறு முட்டக் கெட்டதைத் தின்ற குடல். கையில் பிடித்துப் பார்த்தும், அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அப்பனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாளே, பாவி! ஊருக்குத்தான் கண் இல்லை, அவளுக்குக் கை இருந்ததே.

"நாலு பேர் எதிர்ல இத சொல்லுவியா மாமா?"

"ரெண்டு பொண்ணுங்க கீதுங்கம்மா எனக்கு," என்றார் பென்னி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையில் முடிந்திருந்த எதையோ அவள் கையில் வைத்தார். "குடோன்ல இன்னும் மூணு மூட்ட மீதி கீது. அதுலேர்ந்து எடுத்தாந்தேன்."

காசிமேடு கல்லறையில் வெயில் மண்டையைப் பிளந்தது. மதிலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட வரிசை கட்டினார்கள். முதலில் அம்மா போட்டாள். சொந்தக்காரர்கள் சிலர் போட்டார்கள். பிறகு, முதலாளி என்று வழிவிட்டார்கள். ஆறுமுகநயினார் மண் எடுக்கக் குனிந்தார்.

ஜூடி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க மொதலாளி."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள். பச்சைத் தூள் படிந்து, குச்சி குச்சியாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது தீனி. மீனெண்ணெய்க்கு அடியிலிருந்து புளித்த வாடை எழும்பியது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"என்னம்மா இது?"

"உங்க தீனி. மண்ணு அப்பறம் போடலாம். மொதல்ல இத வாயில போடுங்க."

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"எங்கப்பா பதினோரு வருசமா தெனம் வாயில போட்டுப் பாத்துட்டுதான் உங்க கொளத்துல போட்டாரு. நீங்க ஒரு வாட்டி போடுங்க. வாய்க்கு நல்லா இருந்தா, எங்கப்பன் திருடன்னு நானே ஊர் பூரா சொல்லிகினு போறேன்."

ஆறுமுகநயினார் சுற்றிலும் பார்த்தார்.

"எந்தக் குப்பையிலயோ அள்ளிக்கிட்டு வந்து என் தீனின்னா ஆச்சா? யார் பார்த்தது?"

ஜூடி பென்னியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்த்தாகிவிட்டது, இதற்குமேல் அவரை என்ன சொல்வது? கூட்டத்தின் கடைசியில் யாரோ செருமினார்கள்.

"நம்ம குடோன்துதான் மொதலாளி." பென்னி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் எடுத்தாந்தேன். ஆட்டோவ நான் பாக்கல. ஜார்ஜண்ணன் ஒரு மூட்டையும் விக்கல. வெசம்னு சொல்லித்தான் பொதச்சாரு."

கல்லறை முழுக்க ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. எல்லோருடைய கண்ணும் ஆறுமுகநயினாரின் உள்ளங்கையில் இருந்தது.

"போடுங்க சார், இன்னா யோசன?" என்றாள் பெனிஷா. அதே பெனிஷாதான்.

அவர் போடவில்லை. கையைக் கவிழ்த்தார். தீனி குழியின் விளிம்பில் உதிர்ந்தது. கொஞ்சம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதை வேட்டியில் துடைக்கப் போய், வெள்ளை வேட்டி என்பதால் நிறுத்திக்கொண்டார். கையை உடம்போடு ஒட்டாமல் தூர வைத்துக்கொண்டு கல்லறை வாசலைப் பார்த்து நடந்தார். ஒருவரும் அவர் பின்னால் போகவில்லை.

வரிசை மறுபடி நகர்ந்தது. பென்னி இரண்டு கையாலும் மண் அள்ளிப் போட்டுவிட்டு, குழியைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றார். பெனிஷா மண் போடும்போது அழுதாள். அழட்டும். அழுதால் குழாயடியில் சொன்னது இல்லையென்று ஆகிவிடுமா?

கடைசியாக ஜூடி வந்தாள். குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள். உடனே எழுந்திருக்கவில்லை. விளிம்பில் சிந்திக் கிடந்த தீனியில் ஒரு குச்சியை எடுத்தாள். கொஞ்ச நேரம் விரலில் உருட்டிப் பார்த்தாள். பிறகு நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

வாசல் பக்கக் குழாயில் எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அடைக்கலமேரி முகத்தைக் கழுவி நிமிர்ந்தவள் மகளைப் பார்த்தாள்.

"இன்னாடி வாயில?"

ஜூடி குழாயில் கையை நீட்டினாள்.

"வாயில இன்னாடி வச்சிகினு கீற?"

அவள் மென்றுகொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அடைக்கலமேரி கிட்டே வந்து மோந்து பார்த்தாள். பிறகு ஈரக் கையை மகளின் மோவாய்க்கு அடியில் ஏந்தினாள்.

"துப்பு," என்றாள்.